பொடி என்றார் ரெட்டெம்மா

நடந்தது வரிசையாக இதுதான்:

1. மாம்பழ சீசனுக்குச் சற்று முன், ஒரு காலை ஷிப்டில், எங்கள் ஆலையின் மூன்றாம் எண் மெஷினிலிருந்து வந்த மாத்திரைகளின் தலை கழன்று விழுந்தது.

2. மெஷினின் வேகத்தைக் குறைத்தார்கள். அழுத்தத்தைக் குறைத்தார்கள், பிறகு கூட்டினார்கள். தலை கழன்றுகொண்டே இருந்தது.

3. காரணத்தைக் கண்டுபிடித்து எழுதும்படி என்னை அனுப்பினார்கள்.

4. மெஷினை ஓட்டிய ரெட்டெம்மா என்னிடம் தெலுங்கில் இரண்டு வாக்கியம் சொன்னார்.

5. முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் தவறாக எழுதினேன். இரண்டாவதை எழுதவே இல்லை.

6. கையெழுத்துப் போட்டேன்.

7. நான்காம் நாள் ரெட்டெம்மாவை இனி வர வேண்டாம் என்றார்கள்.

8. அடுத்த லாட்டை வேறொருவர் ஓட்டினார். அதிலும் தலை கழன்றது.

ரெட்டெம்மா என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. சித்தூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு ரெட்டெம்மா இருப்பார் என்பதால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டேன். மற்ற பெயர்களும் மாற்றியவையே. எட்டு வரிகளில் எதையும் மாற்றவில்லை.

தலை கழன்றால் என்ன?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தவற்றைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "மாத்திரை உடைந்தால் என்ன? இரண்டு துண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டால் போயிற்று" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

வீட்டில் நாமாக உடைக்கும் மாத்திரை வேறு. மெஷினிலேயே தலை கழன்ற மாத்திரை, தூளாக உதிர்ந்துகொண்டே போகும். அட்டையில் அடைப்பதற்குள் பாதி மருந்து டப்பாவின் அடியில் தங்கிவிடும். நோயாளிக்குப் போவது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரே தடவையில் செய்த சரக்கு, அந்த லாட் முழுவதும் கழிவுக்குப் போகும். எங்களுடையதும் போனது. ஒரு மாத்திரைகூட வெளியே போகவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு உறுத்தல் இல்லை.

சத்தத்தை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். நல்ல மாத்திரைகள் சரிவில் இறங்கும்போது தகரக் கூரையில் புளியங்கொட்டை விழுகிற மாதிரி இருக்கும். அன்று காலை அந்தச் சத்தம் மழுங்கியிருந்தது. தட்டில் மாத்திரைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக மூடிகள் கிடந்தன. மோர் புளித்தால் மேலே படியுமே, அந்த மாதிரி மெல்லிய தகடுகள்.

மெஷின் ஆட்கள் இதை "டோப்பி லேச்சிந்தி" என்பார்கள். தொப்பி எழுந்துவிட்டது என்று பொருள்.

இரண்டு பாஷைப் பெண்

எங்கள் துறையின் தலைவர் கிரிதர் சார் சென்னைக்காரர். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலை திருப்பதி வருவார். தெலுங்கில் அவருக்கு நான்கு சொற்கள் தெரியும். அவற்றில் இரண்டு சாப்பாட்டுக் கடைக்கு உரியவை.

நேர்முகத் தேர்வில் அவர் என் மதிப்பெண்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

"எந்த ஊரும்மா?"

"நகரிக்குப் பக்கத்துல சார்."

"அப்ப ரெண்டு பாஷையும் வரும்."

"வரும் சார்."

"அது போதும். பார்மசி நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம்."

நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் வேலை கிடைத்தது அதற்காகத்தான். எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். மெஷின் ஆட்கள் தெலுங்கில் சொல்வதை அறிக்கையின் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பின் பெரும்பகுதி. வேறு எதில் தவறு செய்திருந்தாலும் எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

அன்று காலை கிரிதர் சார் என்னைக் கூப்பிட்டு, "ஃபைன்ஸ் ஜாஸ்தியா இருக்கும்மா, வேறென்ன. அரைக்கிறப்ப சல்லடைய மாத்திப் போட்டிருப்பாங்க. போய் கன்ஃபர்ம் பண்ணிட்டு வா" என்றார்.

ஃபைன்ஸ் என்றால் நைசான தூள். மருந்தை நேரடியாக மாத்திரையாக அழுத்த முடியாது. முதலில் அரிசிக் குருணை மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். குருணையில் நைஸ் தூள் அதிகமாகிவிட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு தொப்பி எழும்பும். இது பாடப்புத்தகத்தில் முதல் காரணமாக இருக்கும். சிறிய ஆலை என்பதால் குருணையைச் சல்லடையில் அரைப்பவரும் மாத்திரை மெஷினை ஓட்டுபவரும் ஒரே ஆள். அந்த லாட்டுக்கு அது ரெட்டெம்மா.

"கன்ஃபர்ம் பண்ணிட்டு வா" என்ற சொற்களை நான் அப்போது கவனிக்கவில்லை. "பார்த்துட்டு வா" என்று அவர் சொல்லவில்லை.

அந்த இரண்டு வாக்கியம்

ரெட்டெம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புத்தலப்பட்டிலிருந்து தினமும் வருவார். ஒப்பந்தத் தொழிலாளி. மூன்றாம் எண் மெஷினில் ஆறு வருடம். அந்த மாதம் நிரந்தரம் செய்யப் போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்த பெண், சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தாள்.

நான் போனபோது மெஷினை நிறுத்திவிட்டு, மேலே குருணை கொட்டும் கூம்பின் பக்கத்தில் நின்றிருந்தார். தலைமூடி, முகமூடி, நீலக் கையுறை. கண்கள் மட்டும்தான் தெரிந்தன. குருணை அவருடைய கையுறையில் சர்க்கரை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினார். உதிரவில்லை.

"ஈ லாட் மரீ பொடிகா உந்தி மேடம்" என்றார்.

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: நைஸ் தூள் மிக அதிகம் என்று ஆபரேட்டரே கூறுகிறார்.

"செய்யி பெடிதே தெலுஸ்துந்தி" என்றார் அடுத்து. கையை விட்டுப் பார்த்தால் தெரியும் என்று பொருள்.

கையை விட வேண்டுமென்றால் வெளியே போய், கை கழுவி, புதிய கையுறை போட்டு, மறுபடி உள்ளே வர வேண்டும். "பர்வாலேதம்மா, மீரு செப்பாரு கதா" என்றேன். பரவாயில்லை, நீங்கள்தான் சொல்லிவிட்டீர்களே என்று.

தெலுங்கு தெரிந்தவர்கள் இதற்குள் தலையில் கை வைத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழில் பொடி என்றால் தூள். தெலுங்கிலும் பொடி என்றால் தூள்தான். ஆனால் அங்கே அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: உலர்ந்தது. ஈரமில்லாதது. "பொடிகா உந்தி" என்றால் காய்ந்திருக்கிறது.

ரெட்டெம்மா சொன்னது: "இந்த லாட் ரொம்பவே காய்ந்திருக்கிறது மேடம். கையை விட்டுப் பார்த்தால் தெரியும்."

ஆய்வுக்கூடத்தில் குருணையைச் சலித்துப் பார்த்தோம். நைஸ் தூள் வழக்கத்தைவிடச் சற்று அதிகம். சற்று என்பதைச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். ஈரப்பதக் கட்டத்தில் "எல்லைக்குள்" என்று இருந்தது. அதற்கு மேல் பார்க்கவில்லை. மூலக்காரணம் என்ற கட்டத்தில், அரைக்கும்போது தவறான சல்லடை பொருத்தப்பட்டிருக்கலாம் என்று எழுதி, அவருடைய பெயரையும் எழுதினேன். "இருக்கலாம்" என்பதைக் கிரிதர் சார் அடித்துவிட்டார்.

"ரிப்போர்ட்ல 'இருக்கலாம்'னு எழுதக்கூடாதும்மா."

அடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

புடவைக் கட்டு

இங்கே கொஞ்சம் வழியை விட்டு விலகுகிறேன். கல்லூரி இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என்னிடம் கேட்டது, ஒரு மருந்தின் படிக வடிவம் மாறினால் மாத்திரை அழுத்துவதில் என்ன ஆகும் என்பதைத்தான். மடமடவென்று சொன்னேன். முழு மதிப்பெண். அன்று மாலை தோழிகளோடு திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

அன்று சொன்ன பதிலை இப்போது எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் நகரியில் துணிக்கடைகளுக்குக் குறைவில்லை. மடித்து அடுக்கிய புடவைக் கட்டை மேலிருந்து அழுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, படிந்து, அமர்ந்துவிடும். கையை எடுத்தாலும் அப்படியே இருக்கும். அதே புடவைகளைச் சுருட்டி மூட்டையாகத் திணித்து அழுத்துங்கள். அழுந்தும். கையை எடுத்ததும் எழும்பும்.

புடவை அதேதான். நூலும் எடையும் மாறவில்லை. அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

மருந்தும் அப்படித்தான். ஒரே மூலக்கூறு ஒரு படிகத்தில் ஒரு விதமாக அடுக்கிக்கொள்ளும், இன்னொன்றில் வேறு விதமாக. எங்கள் மருந்தின் நல்ல வடிவத்தில், அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கும். அந்தத் தண்ணீர்த் தளத்தின் மேல் அடுக்குகள் வழுக்கும். அழுத்தினால் படிந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இல்லாத வடிவம் ஒன்றும் உண்டு. அது மூட்டை. மெஷினின் இரும்புக் குழவி அழுத்திவிட்டு மேலே போனதும், உள்ளே அடங்கியிருந்தது திமிறும். முதலில் கழல்வது தலை.

அந்த மாதம் மூலப்பொருளை வேறு இடத்திலிருந்து வாங்கியிருந்தார்கள். வந்தது மூட்டை.

ஆய்வுக்கூடம் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தது. மருந்தை அடையாளம் காணும் வரைபடத்தில் புதிய சரக்கின் கோடு பழையதோடு சற்று ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் செய்முறை இருக்கிறது: இரண்டையும் கரை, உலர்த்து, மறுபடி வரைபடம் எடு. எடுத்தார்கள். ஒத்துப்போனது. கரைத்த பிறகு அடுக்கு ஏது? தண்ணீரில் போட்டபின் கல் உப்பும் தூள் உப்பும் ஒன்றுதான்.

தண்ணீர் அளவையும் சோதித்தார்கள். விதியில் "இதற்கு மேல் கூடாது" என்று எழுதியிருந்தது. புதிய சரக்கில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. மேலே எப்படிப் போகும்? தேறிவிட்டது. "இதற்குக் கீழும் கூடாது" என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இத்தனை கருவிகளும் விட்டதை ஒரு கையுறை பிடித்திருந்தது: மிகவும் காய்ந்தால்தான் குருணை மின்னேறி, உதறினாலும் விடாமல் ஒட்டும். அதைத்தான் அவர் தெலுங்கில் சொன்னார்.

குப்பை வண்டி

ரெட்டெம்மா போய் இரண்டு வாரம். எட்டாவது வரியில் சொன்ன லாட்டும் தலை கழன்று கிடந்தது. சல்லடையை நானே நின்று சரிபார்த்திருந்தேன். சரியான சல்லடை. கிரிதர் சார், "அந்தம்மா அரைக்கிற மில்லையே கெடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றார். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை.

திருப்பதியில் நான் தங்கியிருந்த விடுதிக்குக் காலையில் நகராட்சி வண்டி வரும். ஈரக் குப்பையைத் தனியாகவும் உலர்ந்த குப்பையைத் தனியாகவும் போடச் சொல்லி ஒலிபெருக்கி கத்திக்கொண்டே வரும். அன்று அவசரம். இரவு மிஞ்சிய சாம்பார்ப் பொட்டலத்தை நீலத் தொட்டியில் போட்டுவிட்டேன். வண்டியோடு வந்த அம்மாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏமம்மா, இதி பொடி செத்த! தடி தீசுகொச்சி இந்துலோ ஏசினாவே!" இது உலர்ந்த குப்பைக்கு உரியது, ஈரத்தைக் கொண்டுவந்து இதில் போட்டிருக்கிறாயே என்று திட்டு.

"சாரிம்மா, சூடலேது." பார்க்கவில்லை என்றேன்.

"சதுவுகுன்ன பில்லவி. பொடி அண்டே ஏமிட்டோ தெலீதா?"

படித்த பெண், பொடி என்றால் என்னவென்று தெரியாதா?

வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. நான் வாசலில் நின்றேன். கையில் சாம்பார் வழிந்திருந்தது.

எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்தே தெரியும். அதுதான் இன்றும் விளங்காதது. தெரியாமல் எழுதினேன் என்றால் பொய். தெரிந்தே எழுதினேன் என்றாலும் பொய். தூள் என்ற சொல்லுக்காகக் காத்திருந்த காதில் பொடி என்ற சொல் விழுந்தது. அவ்வளவுதான்.

அன்றே ஆலையில், சேமிப்பில் இருந்த பழைய சரக்கில் ஒரு சிட்டிகை, புதியதில் ஒரு சிட்டிகை எடுத்து, சூடாக்கி எடை காட்டும் தராசில் வைத்தேன். பழையது எடை குறைந்துகொண்டே போனது. புதியதன் எண்கள் அசையவில்லை. கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருந்தான். அவனிடம் சொல்லி எக்ஸ்ரே வரைபடமும் எடுத்தேன். இரண்டு சரக்கின் முகடுகளும் வேறு வேறு இடத்தில் நின்றன. இரண்டு வெவ்வேறு படிகங்கள்.

காய்ந்திருக்கிறது என்று நான் எழுதியிருந்தால் கேள்வி முதலில் உலர்த்தும் கருவியிடம் போயிருக்கும். அது தானாகவே காகிதம் அச்சடிக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, எல்லாம் வழக்கம்போல என்று காட்டியிருக்கும். நாங்கள் பிசைவது ஆல்கஹாலில். தண்ணீர் சேர்ப்பதே இல்லை. அப்படியானால் ஈரம் எங்கே போனது என்று கேட்டு, நேராக மூலப்பொருளிடம் போயிருப்போம். சல்லடை காகிதம் அச்சடிக்காது. அங்கே இருந்தது ரெட்டெம்மாவின் வாய்ச்சொல் மட்டும்.

மூடப்பட்டது

இரண்டாவது அறிக்கை ஒன்று எழுதிக் கிரிதர் சாரிடம் கொடுத்தேன். அவர் நிதானமாக, இரண்டு முறை படித்தார். திறமை இல்லாதவர் அல்ல அவர். முதல் பக்கத்திலேயே புரிந்துகொண்டார்.

"நல்ல வொர்க்" என்றார். "இதை எங்க வெக்கச் சொல்ற?"

"பழைய ரிப்போர்ட்டை மாத்தணும் சார்."

"அது க்ளோஸ் ஆயிடுச்சும்மா. இப்பத் தொறந்தா என்ன கேப்பாங்க? தண்ணிக்குக் கீழ் லிமிட் ஏன் இல்லன்னு கேப்பாங்க. அந்த அளவு போட்ட ஸ்பெக்ல கையெழுத்து யாருது?"

"உங்களுது சார்."

"ஆபரேட்டர் சொன்னதை யாரு தப்பா எழுதினதுன்னும் கேப்பாங்க. அது யாரு?"

அறிக்கையை மூடி என் பக்கம் தள்ளினார்.

"கீழ் லிமிட் போட்டுடலாம். நீயே சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடு, நான் அப்ரூவ் பண்றேன். பிரச்சினை தீந்துடும்."

"ரெட்டெம்மா?"

"அது கான்ட்ராக்டர் விஷயம். நம்ம கையில இல்ல."

அந்த விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "முன்னெச்சரிக்கை" என்று போடச் சொன்னார். போட்டேன். அந்த ஆண்டு மதிப்பீட்டில் எனக்குப் பாராட்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது நைனாவிடம், அதாவது அப்பாவிடம், சொன்னேன். கிணற்று மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுவதும் கேட்டார்.

"பொடி துக்கின்னா இன்னாம்மா? ஈரம் இல்லாத மண்ணுல ஏர் ஓட்றது. மாட்டுக்குப் பின்னால போய்க்கினு இருக்கற எனக்கே தெரியுது. மாத்திர பண்ற ஒனக்குத் தெரியலியா?"

"தெரியும் நைனா."

"தெரிஞ்சுமா அப்பிடி எழுதின?"

அம்மா உள்ளேயிருந்து, "பொண்ணு வந்ததும் வராததுமா ஏன் குத்திக்கினு இருக்கீங்க, துன்ன உடுங்க" என்றாள்.

நைனா ஸ்பேனரைத் துடைத்தார். "போனது போச்சு. நீ போய் நாயம் பேசறேன்னு வேலைய உட்டுட்டு வந்து நின்னுக்கினு இருக்காத. அவ்ளோதான் நான் சொல்வேன்."

தமிழில் பேசினார்

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துச் சித்தூர் பஸ்ஸில் ஏறி, புத்தலப்பட்டில் இறங்கினேன். முகவரி எனக்குத் தெரியும். அறிக்கையின் பின்னிணைப்பில் நானே எழுதியது.

ரெட்டெம்மா அப்போதுதான் மாம்பழக் கூழ் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். தோல் சீவும் வேலை. விரல் நுனிகள் மாம்பாலில் கறுத்து வெடித்திருந்தன. முகமூடி இல்லாமல் அவரை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்திருந்த முகம் அல்ல அது.

நான் தெலுங்கில் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒத்து மேடம், வேணாம். தமிழ்லயே பேசலாம். எனக்கு வரும். எங்க அக்காவ வேலூர்ல குடுத்திருக்கு. தெலுங்குல சொன்னா உங்களுக்கு வேற மாரி கேக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். புதிய சரக்கு, தண்ணீர், படிகம், பொடி. என் தவறு என்று சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கென்று ஆறுதல் எதுவும் இல்லை.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். ஃபேக்டரில தூளை எல்லாரும் இன்னான்னு சொல்வாங்க?"

"பவுடர்னு."

"நான் இன்னான்னு சொல்வேன்?"

"பவுடர்னுதான்."

"ஆறு வருசம் பவுடர் பவுடர்னுதானே கத்தினேன். 'பவுடர் எகுருதுந்தி, பவுடர் அயிப்போயிந்தி.' பறக்குதுன்னாலும் பவுடர், தீந்து போச்சுன்னாலும் பவுடர். ஒரு நாளாவது பொடின்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? தூளுன்னு சொல்றதுக்கு நான் ஏன் பொடின்னு சொல்லப் போறேன்?"

இது எனக்கு அதுவரை தோன்றவில்லை. உண்மைதான். எங்கள் ஆலையில் தூளைப் பொடி என்று யாருமே சொன்னதில்லை. சென்னைக்காரர்கள் முதல் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்வரை எல்லாருக்கும் அது பவுடர்.

"பாஷை தெரியாம எழுதினீங்கன்னா பரவால்ல. நான் யாருன்னு தெரியாம எழுதிட்டீங்க" என்றார்.

அவருடைய மாமியார் மோர் கொண்டுவந்தார். ரெட்டெம்மா வேண்டாமென்று சைகை காட்டவில்லை, குடிக்கச் சொல்லவுமில்லை. நான் குடித்தேன்.

"மன்னிப்பு வேணாம் மேடம். பேப்பர் குடுங்க" என்றார் பிறகு. ரேணிகுண்டா பக்கம் ஒரு மாத்திரை ஆலையில் மெஷினுக்கு ஆள் எடுக்கிறார்களாம். இவருடைய கைத்திறமையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் பழைய ஆலையில் கேட்டிருக்கிறார்கள். தவறு செய்ததால் நிறுத்தினோம் என்று பதில் போயிருக்கிறது. "தப்பு என்னுது இல்லன்னு பழைய கம்பெனி லெட்டர்ல ஒரு வரி. அது இருந்தா மறுபடி மெஷின் கிட்ட நிப்பேன். இல்லன்னா தோல் சீவறதுதான்."

ஆலையில் கேட்டேன். மறுத்தார்கள். எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

கடைசியில் நானே கோடு போட்ட தாளில், தெலுங்கில், கையால் எழுதினேன். நடந்தது என்ன, சரக்கில் என்ன மாற்றம், அவர் சொன்னது என்ன, நான் எழுதியது என்ன. என் பெயர், படிப்பு, கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு மறுபடி புத்தலப்பட்டுக்குப் போனேன். ரெட்டெம்மா வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் என் எழுத்துப் பிழையை அவருடைய மகளின் பேனாவால் திருத்தினார். பொடிகா உந்தி என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இக்கட சரிகா ராசாவு" என்றார். இங்கே சரியாக எழுதியிருக்கிறாய் என்று. தெலுங்கில்தான் சொன்னார். வயதில் சின்னவளிடம் பேசுவது போல ஒருமையில். மேடம் இல்லை.

இப்போது

ரேணிகுண்டா ஆலையில் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, முத்திரை இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

பழைய ஆலையில் தண்ணீர் அளவுக்கு இப்போது கீழ் எல்லை உண்டு. அதன்பின் மூன்றாம் எண் மெஷினில் தொப்பி எழவில்லை என்று கேள்விப்படுகிறேன். கிரிதர் சார் அங்கேயே, ஒரு படி மேலே இருக்கிறார். நான் அங்கே இல்லை. தடாவுக்கு அருகே வேறொரு ஆலையில், இதே வேலையில் இருக்கிறேன். மெஷின் ஆட்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மொழியிலேயே முதலில் எழுதி, அவர்களிடம் படித்துக் காட்டிய பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது என்று புகார் இருக்கிறது.

ரெட்டெம்மா சீசனில் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகிறார். சீசன் இல்லாத மாதங்களில் வேலை இல்லை. மாத்திரை மெஷின் பக்கம் அவரை யாரும் இதுவரை எடுக்கவில்லை. நான் கூப்பிட்டால் ஃபோனை எடுப்பதில்லை.

முதல் அறிக்கை திருத்தப்படவில்லை. மூலக்காரணம் என்ற கட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது.